‘கோஸ்ட்’ என்றால் முதலில் பேய் இல்லை, மூச்சு

சளி பிடித்துக் கிடந்த அக்கா மகளுக்கு ஒருநாள் ஆவி பிடிக்க வைத்தோம். அகலமான பாத்திரத்தில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர், அதில் ஒரு கை நொச்சித் தழை, தலையோடு சேர்த்து மூடிய வெள்ளைப் போர்வை. மறுநாள் பள்ளியில் டிக்டேஷன். போர்வைக்குள் இருந்தபடியே ஆங்கிலச் சொற்களை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். ‘கோஸ்ட்’ வந்ததும் நின்றுவிட்டாள். “மாமா, இதுல ஹெச் எங்க வரும்? அதை யாருமே சொல்றதில்லையே, அப்புறம் எதுக்கு எழுதணும்?”

நல்ல கேள்வி. ஜி-க்குப் பக்கத்தில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கும் அந்த ஹெச் ஒரு அச்சகத்தின் வழியாக வந்தது. அதற்குப் போகும் முன், அவள் முகத்தில் அப்போது பட்டுக்கொண்டிருந்த ஆவியைப் பற்றிப் பேச வேண்டும். கோஸ்ட் என்ற சொல்லைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி தமிழர்களுக்கு இல்லை.

இன்றைக்கு கோஸ்ட் என்றால் செத்துப்போனவர் திரும்ப வந்து கண்ணுக்குத் தெரிவது. ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் பேசிய பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் ‘காஸ்ட்’ என்று இருந்தது. காந்தியில் வரும் ‘கா’ போலச் சொல்ல வேண்டும். அதற்கு மூச்சு என்று பொருள். உயிர் என்று பொருள். உடம்புக்குள் இருந்து அதை இயக்குவது எதுவோ, அது காஸ்ட். கடவுளின் ஆவியும் காஸ்ட், தேவதூதரும் காஸ்ட், கெட்ட சக்தியும் காஸ்ட். செத்தவர்கள் உருவம் எடுத்து நடமாடுவது என்ற பொருள் மட்டும் தனியாகத் தூக்கி நிற்கவில்லை.

நம் ‘ஆவி’யை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இட்லிப் பானையைத் திறந்தால் ஆவி வருகிறது. வாயைப் பிளந்து மூச்சை இழுத்து விட்டால் அது கொட்டாவி. ‘உடல் பொருள் ஆவி’ மூன்றையும் கொடுத்து உழைத்தார் என்றால் அங்கே ஆவி உயிர். ஆவி பிரிந்தது என்றால் இறந்துவிட்டார். அதே சொல்லை ‘ஆவி நடமாட்டம்’ என்று சொன்னால் முதுகில் சில்லென்கிறது. சூடான காற்றிலிருந்து பேய் வரைக்கும் ஒரே சொல் போய்வருகிறது, நமக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. பழைய ஆங்கிலக்காரர்களுக்கும் காஸ்ட் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

காஸ்ட் எப்படி கோஸ்ட் ஆனது? இது இந்தச் சொல்லுக்கு மட்டும் நடந்ததில்லை. பழைய ஆங்கிலத்தின் நீண்ட ஆகாரம் இங்கிலாந்தின் தென்பகுதியில் மெல்ல மெல்ல ஓகாரமாக மாறியது. கல்லைக் குறித்த ‘ஸ்டான்’ ஸ்டோன் ஆனது. எலும்பைக் குறித்த ‘பான்’ போன் ஆனது. வீட்டைக் குறித்த ‘ஹாம்’ ஹோம் ஆனது. அந்த வரிசையில் காஸ்ட்டும் கோஸ்ட் ஆகிவிட்டது. வடக்கே ஸ்காட்லாந்தில் இந்த மாற்றம் நடக்கவில்லை. அதனால்தான் அவர்களுடைய ஸ்காட்ஸ் பேச்சில் வீடு ‘ஹேம்’, கல் ‘ஸ்டேன்’, பேய் ‘கேஸ்ட்’.

இன்னும் பின்னால் போனால், நடுக்கம், திகைப்பு, பயம் ஆகியவற்றைக் குறித்த ஒரு மிகப் பழைய வேரிலிருந்து இது முளைத்திருக்க வேண்டும் என்று சொல்லாராய்ச்சி செய்தவர்கள் சொல்கிறார்கள். பழைய ஆங்கிலத்திலேயே ‘பயமுறுத்து’ என்ற பொருளில் இதற்கு நெருங்கிய உறவாக ஒரு வினைச்சொல் இருந்தது. திடுக்கிட்டு வாயடைத்துப் போவதைக் குறிக்கும் ‘அகாஸ்ட்’ அதிலிருந்து வந்ததுதான். ‘காஸ்ட்லி’யும் அந்தக் குடும்பம்தான். விலை அதிகம் என்று நாம் சொல்லும் காஸ்ட்லி வேறு. இது பார்த்தவர் முகம் வெளிறும் அளவுக்குக் கொடூரமானதைக் குறிக்கும் சொல். தமிழிலும் இதற்கு இணை உண்டு. தொல்காப்பியத்தின் உரியியல் ‘பே, நாம், உரும்’ என்ற மூன்றும் அச்சப் பொருள் தருபவை என்கிறது. பேய் என்ற சொல்லுக்கும் அந்தப் ‘பே’க்கும் உறவு இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். விருந்தாளியைக் குறிக்கும் ‘கெஸ்ட்’, விருந்து கொடுப்பவரைக் குறிக்கும் ‘ஹோஸ்ட்’ இரண்டும் கோஸ்ட்டின் சொந்தக்காரர்கள் மாதிரியே தெரியும். அவை இரண்டும் தங்களுக்குள் உறவினர்கள்தான், கோஸ்ட் மட்டும் வேறு குடும்பம். பிணம் தின்னும் பூதத்தைக் குறிக்கும் ‘கூல்’ என்ற சொல்லும் அப்படியே. அது அரபியிலிருந்து வந்தது. அதில் உள்ள ஹெச்சுக்கு வேறு கதை.

சரி, மூச்சு எப்படிப் பேயாக ஒடுங்கியது? இதற்கு விவிலிய மொழிபெயர்ப்புகளைத்தான் பார்க்க வேண்டும். மாற்றம் அதில் வரிவரியாகப் பதிந்திருக்கிறது.

597ஆம் ஆண்டு ரோமிலிருந்து அகஸ்டின் என்ற துறவி தன் குழுவோடு கென்ட் பகுதிக்கு வந்து இறங்கினார். அவர்கள் கொண்டுவந்த மறை லத்தீனில் இருந்தது. அதில் பரிசுத்த ஆவிக்கு ‘ஸ்பிரிட்டுஸ்’ என்ற சொல். லத்தீனில் மூச்சு விடுவதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது அது. அதற்கு முந்தைய கிரேக்கச் சொல்லும், அதற்கும் முந்தைய எபிரேயச் சொல்லும் மூச்சையும் காற்றையும் குறிப்பவையே. உள்ளூர் மொழியில் இதற்கு ஈடு தேடியபோது காஸ்ட் கைக்கு வந்தது. பரிசுத்த ஆவி ‘ஹாலிக் காஸ்ட்’ ஆனார். அதுவே பிறகு ‘ஹோலி கோஸ்ட்’. பின்னாளில் தமிழில் மொழிபெயர்த்தவர்கள் ‘ஆவி’யை எடுத்ததும் இதே மாதிரியான தேர்வுதான்.

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அவர்களுடைய பிரெஞ்சு வழியாக அதே லத்தீன் சொல் ‘ஸ்பிரிட்’ என்ற வடிவத்தில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. இப்போது ஒரே பொருளுக்கு இரண்டு சொற்கள். ஒரு மொழியில் இப்படி ஆகும்போது இரண்டும் வெகுகாலம் ஒரே வேலையைப் பார்ப்பதில்லை, பங்கு பிரித்துக்கொள்ளும். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோஸ்ட், இறந்தவர் உருவம் எடுத்து வருவது என்ற பொருளில் எழுத்தில் தென்படுகிறது. ஆனால் பங்கு பிரிப்பு முடிய இன்னும் பல நூறு ஆண்டுகள் ஆயின.

1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தை எடுத்துக்கொள்வோம். அதில் பரிசுத்த ஆவி பெரும்பாலும் ‘ஹோலி கோஸ்ட்’. இயேசு சிலுவையில் உயிர்விடும் இடத்தில், மத்தேயு 27:50இல், அவர் ‘கோஸ்ட்’டை விட்டார் என்று இருக்கிறது. தமிழில் ‘ஆவியை விட்டார்’. சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. பழுதாகிப்போன கார் ‘கோஸ்ட்டை விட்டுவிட்டது’ என்று ஆங்கிலக்காரர்கள் இன்றைக்குச் சொல்வதில் இருப்பதும் அந்தப் பழைய கோஸ்ட்தான். இங்கே பேய் எங்கும் இல்லை. உயிர் போய்விட்டது, அவ்வளவுதான்.

இப்போது அதே மத்தேயுவில் 14:26. இரவில் கடல்மேல் நடந்துவரும் இயேசுவைப் பார்த்துப் படகில் இருந்த சீடர்கள் அலறுகிறார்கள். இங்கேதான் இன்றைய பொருளில் கோஸ்ட் வர வேண்டும். 1611 விவிலியம் என்ன போட்டிருக்கிறது தெரியுமா? ‘ஸ்பிரிட்’. 20ஆம் நூற்றாண்டில் செய்த புதிய மொழிபெயர்ப்புகளைத் திறந்தால் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. கடல்மேல் தெரிந்தது ‘கோஸ்ட்’, பரிசுத்த ஆவி ‘ஹோலி ஸ்பிரிட்’. மூலத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. இடையில் மாறியது ஆங்கிலம். பழைய தமிழ் விவிலியம் இந்த இடத்தில் ‘ஆவேசம் என்று சொல்லி, பயத்தினால் அலறினார்கள்’ என்கிறது. ஆவி என்று போட்டிருந்தால் பரிசுத்த ஆவியோடு குழம்பும் என்று நினைத்திருப்பார்களோ என்னவோ, நல்ல சொல்லாகத் தேடி எடுத்திருக்கிறார்கள்.

வழிபாட்டிலும் கடந்த நூற்றாண்டில்தான் பல சபைகள் ‘ஹோலி கோஸ்ட்’டைக் கைவிட்டு ‘ஹோலி ஸ்பிரிட்’டுக்கு மாறின. கோஸ்ட் என்றதும் குழந்தைகளுக்கு வெள்ளைத் துணி போர்த்திய உருவம்தான் மனதில் வந்தது. அந்த வெள்ளைத் துணிக்கும் காரணம் உண்டு. இங்கிலாந்தில் வெகுகாலம் ஏழைகளைப் பெட்டி இல்லாமல் துணியில் சுற்றியே புதைத்தார்கள். கல்லறையிலிருந்து எழுந்து வருகிறவர் வேறு எதை உடுத்தியிருப்பார்? என் அக்கா மகள் அன்றைக்குப் போர்த்தியிருந்த வேஷம் அதுவேதான்.

இனி அந்த ஹெச்.

வில்லியம் காக்ஸ்டன் கென்ட்டில் பிறந்த வணிகர். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கடலுக்கு அந்தப் பக்கம், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள புரூஜ் நகரத்தை மையமாக வைத்துத் தொழில் செய்தார். அங்கிருந்த ஆங்கில வணிகர்களுக்குத் தலைவராகவும் இருந்தார். ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் அச்சுத் தொழிலைப் பழகிக்கொண்டு, 1476இல் லண்டனுக்குப் பக்கத்தில் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தைத் திறந்தார். அந்தக் காலத்தில் ஆங்கிலத்துக்கு நிலையான எழுத்துக்கூட்டல் கிடையாது. ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை இரண்டு விதமாக எழுதினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோப்பவர் கை எப்படிப் பழகியிருக்கிறதோ, அப்படி விழும் சொல். காக்ஸ்டனோடு வேலை பார்த்த விங்கின் டி வோர்ட் கடலுக்கு அப்பாலிருந்து வந்தவர். காக்ஸ்டன் கையே பாதி வாழ்நாள் புரூஜில் பழகிய கைதான்.

புரூஜில் பேசிய ஃபிளெமிஷ் மொழியில் ஆவிக்கு ‘கேஸ்ட்’ என்ற சொல் இருந்தது. நம் கோஸ்ட்டின் உடன்பிறப்பு அது. அதை அவர்கள் ஜி-க்குப் பின்னால் ஒரு ஹெச் போட்டு எழுதினார்கள். அந்தப் பழக்கம் வெஸ்ட்மின்ஸ்டருக்கும் வந்து, ஆங்கிலச் சொல்லின்மேல் ஏறிக்கொண்டது. இன்று கிடைக்கும் சான்றுகளில் ஹெச்சோடு கூடிய கோஸ்ட் முதலில் தென்படுவது காக்ஸ்டன் அச்சிட்ட நூல்களில்தான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஹெச் கோஸ்ட்டுக்கு மட்டும் ஒட்டவில்லை. பெரிய வாத்தைக் குறிக்கும் ‘கூஸ்’, ஆட்டைக் குறிக்கும் ‘கோட்’, பெண்பிள்ளையைக் குறிக்கும் ‘கேர்ள்’ எல்லாவற்றுக்கும் அந்தக் காலத்தில் ஹெச் ஒட்டிப் பார்த்தார்கள். அவற்றிலிருந்து உதிர்ந்துவிட்டது, இதில் மட்டும் நின்றுவிட்டது. அதுவும் உடனே இல்லை. நூறு ஆண்டுகளுக்கு மேல் ஹெச் இல்லாத வடிவமும் கூடவே ஓடி, 1590 வாக்கில்தான் ஹெச்சோடு எழுதுவது நிலைத்தது. ஜெபங்களில் திரும்பத் திரும்ப அச்சான சொல் என்பதால் கண்ணுக்குப் பழகிப் போயிருக்கும் என்று நினைக்கிறேன். கோஸ்ட்டைப் பார்த்து அகாஸ்ட்டும் காஸ்ட்லியும் பிற்பாடு ஹெச் வாங்கிக்கொண்டன.

எழுத்து நிலைத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் லண்டன் மேடையில் உலகத்தின் மிகப் பிரபலமான கோஸ்ட் தோன்றியது. ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் கொலையுண்ட அரசன் நள்ளிரவில் மகன் முன்னால் வருகிறான். மகன் அவனைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ‘கோஸ்ட்’ என்கிறான். ஆனால் தந்தை தன்னைச் சொல்லிக்கொள்ளும்போது, நான் உன் தகப்பனின் ‘ஸ்பிரிட்’ என்கிறான். பார்ப்பவனுக்கு அது கோஸ்ட், தனக்குத் தான் ஸ்பிரிட். ஒரே காட்சிக்குள் இரண்டு சொற்களும் எப்படி நிற்கின்றன பாருங்கள். அந்தப் பேய் வேடத்தை ஷேக்ஸ்பியரே போட்டார் என்று 1709இல் அவருடைய வாழ்க்கையை எழுதிய நிக்கலஸ் ரோ பதிவு செய்திருக்கிறார்.

19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாடகக்காரர்களிடம் ‘இன்றைக்கு கோஸ்ட் நடக்குமா?’ என்று ஒரு குழூஉக்குறி இருந்தது. சம்பளம் வருமா என்று அர்த்தம். ஹாம்லெட்டில் பேயாக நடித்தவர், பாக்கிச் சம்பளம் கைக்கு வராமல் மேடையில் நடக்க மாட்டேன் என்று நின்றுவிட்டாராம். அதிலிருந்து வந்தது என்று நாடகக்காரர்களே ஒரு கதை சொல்வார்கள்.

ஜெர்மன் மொழியில் இதே சொல் ‘கைஸ்ட்’. அங்கே அது ஒடுங்கவே இல்லை. பேயும் கைஸ்ட், அறிவும் கைஸ்ட், மனமும் கைஸ்ட். ராஸ்பெரிப் பழத்தை ஊறவைத்து வடிக்கும் மதுவின் பெயரிலும் கைஸ்ட் இருக்கிறது. புண்ணில் தடவுவதை நாம் ஸ்பிரிட் என்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெகல் 1807இல் வெளியிட்ட தத்துவ நூலின் தலைப்பிலும் கைஸ்ட் உண்டு. அதை ஆங்கிலத்தில் ஒருவர் ‘மனம்’ என்று மொழிபெயர்க்க, இன்னொருவர் ‘ஸ்பிரிட்’ என்று மொழிபெயர்த்தார். கோஸ்ட் என்று போட யாருக்கும் துணிவு வராது, ஆங்கிலத்தில் அது அவ்வளவு தூரம் விலகிவிட்டது. ஜெர்மனிலிருந்து ஆங்கிலம் இரண்டு கைஸ்ட்களைக் கடன் வாங்கியிருக்கிறது. ஒரு காலத்தின் பொதுவான மனப்போக்கைச் சொல்லும் ‘சைட்கைஸ்ட்’ ஒன்று. வீட்டுச் சாமான்களை உருட்டித் தள்ளிச் சத்தம் போடும் பேயைச் சொல்லும் ‘போல்டர்கைஸ்ட்’ இன்னொன்று. முன்னதில் கைஸ்ட் மனம், பின்னதில் பேய்.

பேய் என்ற பொருள் உறுதியானதும், அதிலிருந்து புதிய கிளைகள் விட்டன. பேய் என்றால் மங்கலாகத் தெரிவது, முழுதாக இல்லாதது, கண்ணுக்குப் படாமல் வேலை செய்வது. கோஸ்ட்டை அடையாகப் போட்ட சொற்கள் எல்லாம் இந்த மூன்றில் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொள்கின்றன. ஆன்டெனா காலத்து டிவியில் ஒவ்வொரு ஆளுக்கும் பக்கத்தில் மங்கலாக இன்னொரு ஆள் தெரியும். மொட்டை மாடியில் அப்பா ஆன்டெனாவைத் திருப்ப, கீழே ஜன்னலோரம் நின்று ‘இன்னும் டபுளாத்தான் தெரியுது’ என்று கத்தியவர்களுக்கு நினைவிருக்கும். கட்டிடத்திலோ மலையிலோ பட்டுத் திரும்பிய அலை கொஞ்சம் தாமதமாக வந்து சேர்வதால் உண்டாகும் அந்த நிழல் படத்துக்குத் தொழில்நுட்பக்காரர்கள் வைத்த பெயரே ‘கோஸ்ட்’. பிறர் பெயரில் எழுதிக்கொடுத்துவிட்டுத் தன் பெயரை மறைத்துக்கொள்பவர் ‘கோஸ்ட் ரைட்டர்’.

‘கோஸ்ட் டவுன்’ என்பதைப் ‘பேய் நகரம்’ என்று மொழிபெயர்க்கிறார்கள், அது தவறு. தங்கம் தீர்ந்ததும் ஆட்கள் கிளம்பிப்போன கலிபோர்னியாவின் போடி போன்ற ஊர்களுக்கு வழங்கும் பெயர் அது. பேய் வாழும் ஊர் என்ற பொருள் அதில் இல்லை. ஊரே உயிர் போன உருவமாக நிற்கிறது என்பதுதான் செய்தி. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியையும் ஆங்கிலத்தில் இப்படித்தான் எழுதுகிறார்கள். அதைப் பேய் நகரம் என்று தமிழாக்கும்போது, அங்கே இறந்தவர்களை நினைத்தால் எனக்கு வலிக்கிறது. பாழூர் என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது.

இல்லாத சொல்லுக்கும் ‘கோஸ்ட் வேர்ட்’ என்று பெயர் உண்டு. 1886இல் வால்டர் ஸ்கீட் என்ற மொழியறிஞர் வைத்த பெயர் அது. யாரும் பேசியிராத, எழுத்துப்பிழையால் மட்டும் அகராதிக்குள் புகுந்துவிட்ட சொற்களைச் சொன்னார். இதற்குச் சிறந்த உதாரணம் பிற்பாடுதான் வந்தது. 1931இல் வெப்ஸ்டர் அகராதி அலுவலகத்துக்கு வேதியியல் பிரிவிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு போனது. அடர்த்தியைப் பெரிய டி அல்லது சிறிய டி என்ற எழுத்தால் சுருக்கிக் குறிக்கலாம் என்பது அதன் சாரம். ‘டி அல்லது டி’ என்று ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவே வரும் ஓ, ஆர் எழுத்துகள் இரண்டு டி-யோடும் ஒட்டிக்கொண்டன. சுருக்கக் குறிப்புகளோடு போக வேண்டிய சீட்டு சொற்களோடு போய்விட்டது. 1934 பதிப்பில் ‘டோர்ட்: அடர்த்தி’ என்று உச்சரிப்புக் குறிப்போடு அச்சானது. 1939இல் ஓர் ஆசிரியர், இந்தச் சொல்லுக்கு மட்டும் பிறப்பு வரலாறு போடவில்லையே என்று கவனித்த பிறகுதான் குட்டு உடைந்தது.

கடைசியாக, இன்றைய இளைஞர்கள் சொல்லும் ‘கோஸ்ட் பண்ணிட்டான்’. பழகிக்கொண்டே இருந்தவர் ஒரு வார்த்தை சொல்லாமல் பேச்சை நிறுத்தி, மெசேஜுக்கும் போனுக்கும் பதில் இல்லாமல் காணாமல் போவது. 2010களில் பரவிய பயன்பாடு இது. ஆனால் கோஸ்ட்டை வினையாக்கியது இந்தத் தலைமுறைதான் என்று நினைக்க வேண்டாம். ஷேக்ஸ்பியரின் ‘ஆண்டனியும் கிளியோபாட்ராவும்’ நாடகத்தில், இறந்த ஜூலியஸ் சீசர் ஃபிலிப்பி என்ற இடத்தில் புரூட்டஸை ‘கோஸ்ட்’ செய்தான் என்று ஒரு வரி வருகிறது. கொன்றவன் கண் முன்னால் வந்து நின்றான் என்று அர்த்தம். நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவரை கோஸ்ட் செய்வது என்றால் அவரை விடாமல் வந்து நிற்பது.